பாதம் அறியாத சூடு

சின்னண்ணனின் வலது குதிகாலில் நாலு கொப்புளங்கள். சதுரமாக, யாரோ அளந்து வைத்த மாதிரி.

வெந்நீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு வள்ளியாத்தாள் குனிந்து பார்த்தாள். இரண்டு கொப்புளம் உடைந்து தோல் சுருண்டு கிடந்தது.

"ஏனுங்க, கால்ல என்னங்க இது?"

"எது?"

"குதியில. வெந்து போயிருக்குது."

சின்னண்ணன் காலைத் தூக்கித் தொடைமேல் போட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் வந்தது வலி இல்லை. ஆச்சரியம்.

"அட, ஆமா! இது எப்ப ஆச்சு?"

அந்தக் கேள்விதான் வள்ளியாத்தாளைப் பயமுறுத்தியது.

கொப்புளம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். யுத்தத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்து, கரிப்புகையில் ஓடுவதற்காகப் பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பு ஏறிய நாளிலிருந்து டிரைவரின் காலடிப் பலகை இரண்டு தடவை கருகிவிட்டது. மெக்கானிக் சடையன் பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தகரம் போட்டு, குதிகால் படுகிற இடத்தில் நாலு போல்ட் முடுக்கினான். அதற்கு அடியில்தான் புகைக்குழாய் போகிறது. ராசிபுரத்தில் கிளம்பிச் சேலம் போய்ச் சேருவதற்குள் அந்தத் தகரத்தில் அப்பளம் சுடலாம்.

மற்ற கரிவண்டி டிரைவர்கள் ஈரச் சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் கால் வைப்பார்கள். மல்லூரில் நிறுத்தி இன்னொரு தரம் நனைப்பார்கள். சொந்த பஸ்ஸைத் தாமே ஓட்டும் சின்னண்ணனுக்குச் சாக்கே வேண்டாம். வெறுங்கால்தான். ராசிபுரம் ஸ்டாண்டில் அவருக்கு 'இரும்புக்கால்' என்றே பேர். புதிதாக வருகிற டிரைவர்களைக் கூட்டிவந்து அந்தக் காலைக் காட்டுவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே காட்டுவார்.

அந்த இரும்புக்கால்காரரின் பஸ்தான் போன வெள்ளிக்கிழமை மல்லூர் இறக்கத்தில், முன்னால் போய்க்கொண்டிருந்த மாதையனின் மாட்டுவண்டியில் மோதியது. ஒரு மாடு அங்கேயே விழுந்து செத்தது. மாதையன் தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

"மிதி மிதின்னு மிதிச்சேன். பிரேக் புடிக்கலை" என்றார் சின்னண்ணன். பொய் இல்லை. அவர் அப்படித்தான் நம்பினார்.

முந்தின நாள் பிரேக்கைக் கழற்றிப் பூட்டியவன் சடையன். மோதிய அன்று சாயங்காலமே போலீஸ் அவனைக் கொண்டுபோய்விட்டது. பிறகு வேறொரு மெக்கானிக் வண்டியைப் பார்த்துவிட்டு, "ஒரு கொறையும் தெரியலீங்களே" என்றான். சடையனுக்கு வேண்டப்பட்டவன் பேச்சு என்று அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இன்று பதினொரு மணிக்குச் சின்னண்ணன் சேலம் போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் சடையன் கோர்ட்டுக்குப் போவான். அங்கிருந்து ஜெயிலுக்கு.

வள்ளியாத்தாள் வாழைக்குருத்தைக் கிழித்து, விளக்கெண்ணெய் தடவிக் குதிகாலில் வைத்துக் கட்டினாள். கை கட்டிக்கொண்டிருந்ததே தவிர, மனசு அங்கே இல்லை. சூடு தெரியாத தோல் என்றால் ஊரில் அதற்கு ஒரே பேர்தான். பெருவியாதி. அந்த வார்த்தையை மனசுக்குள் சொல்லிப் பார்க்கக்கூட அவள் பயந்தாள். தை பிறந்தால் மகள் தெய்வநாயகிக்குக் கல்யாணம்.

"நானும் சேலம் வாரேனுங்க."

"நீ எதுக்கு புள்ளே?"

"கோட்டை மாரியாத்தாளைப் பார்த்து நாளாச்சு."

ஸ்டாண்டில் பஸ்ஸின் பின்னால் நின்று கரி அடுப்புக்கு விசிறி சுற்றிக்கொண்டிருந்தான் கண்டக்டர் ராசு. வள்ளியாத்தாளின் தம்பி. அக்காளைப் பார்த்ததும் கரி படிந்த முகத்தில் பல் மட்டும் தெரிந்தது.

"என்னக்கா, முன் சீட்டா? டிக்கெட் எடுக்கோணும், தெரியுமில்ல?"

"உன்ற மாமனையும் கட்டி, உனக்குச் சோறும் பொங்கிப் போடறனே, அதுல கழிச்சுக்கோடா."

நாலு பேர் சிரித்தார்கள். வள்ளியாத்தாள் டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள்.

வண்டி கிளம்பியது. மற்றவர்கள் ரோட்டைப் பார்த்தார்கள். அவள் கணவன் காலைப் பார்த்தாள்.

மூன்று மிதி இருப்பது அவளுக்குத் தெரியும். எது எதற்கு என்பதையும் ராசு ஒரு தடவை சொல்லியிருக்கிறான். ஆண்டகளூர் தாண்டுவதற்குள் அவள் ஒன்றைக் கண்டுகொண்டாள். பிரேக் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தரமும் சின்னண்ணனின் கண் கீழே போயிற்று. மிதியைப் பார்த்து, காலைப் பார்த்து, அப்புறம்தான் அழுத்தினார். இருட்டில் கிணற்றுப் படி இறங்குகிறவர் மாதிரி.

இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறவர். எதற்குக் குனிந்து பார்க்க வேண்டும்?

மல்லூர் இறக்கம் வந்தது.

எதிரே மிலிட்டரி லாரி ஒன்று ஹாரனை அலறவிட்டுக்கொண்டு ஏறி வந்தது. அதே நேரம் இடப்பக்கத்துச் சோளக்காட்டிலிருந்து செம்மறியாட்டு மந்தை ரோட்டில் இறங்கியது. பின்னால் கூடையும் தலையுமாக ஒரு பெண்பிள்ளை. சின்னண்ணனின் கண் லாரியை விட்டு அசையவில்லை. கால் மட்டும் பாய்ந்தது.

பிரேக்குக்கும் பக்கத்து மிதிக்கும் நடுவில், வெறும் தகரத்தில் போய் விழுந்தது.

கெண்டைக்கால் சதை முறுக்கேறி நின்றது. அவ்வளவு பலத்தோடு தகரத்தை மிதித்தார். வண்டி நிற்கவில்லை.

"புடிக்கலே! பிரேக் புடிக்கலே!"

"ஏனுங்க, தகரத்தை மிதிக்கறீங்க! காலைப் பாருங்க!"

வள்ளியாத்தாள் போட்ட சத்தத்தில் சின்னண்ணன் குனிந்தார். பார்த்தார். கால் இடம் மாறியது. வண்டி கிறீச்சிட்டு, முன்னால் சாய்ந்து, கூடைக்காரிக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது.

ஆடுகள் ஒன்றும் நடக்காதது போலக் கடந்து போயின. கூடைக்காரி மண்ணை வாரித் தூற்றித் திட்டினாள்.

சின்னண்ணன் இறங்கி ஓரமாகப் போய் நின்று பீடி பற்றவைத்தார். தீக்குச்சி மூன்று செலவாயிற்று. வள்ளியாத்தாள் பின்னாலேயே போனாள்.

"வெள்ளிக்கிழமையும் இதே மாதிரிதானுங்களா?"

"என்ன இதே மாதிரி? ஒரு தரம் கால் தவறுச்சு. அதுக்கென்ன இப்ப?"

"கால் தவறினா தவறினது தெரியாதுங்களா? தகரத்தை மிதிச்சுக்கிட்டே 'பிரேக் புடிக்கலே'ன்னீங்களே!"

"பொம்பளை நீ, வண்டியைப் பத்தி எனக்குச் சொல்றியா?"

"வண்டியைப் பத்திச் சொல்லலீங்க. உங்க காலைப் பத்திச் சொல்றேன்." அவள் குரல் இறங்கியது. "அம்மாபேட்டையில பாலசுந்தரம் டாக்டர்கிட்டக் காட்டிட்டு அப்புறம் ஸ்டேஷனுக்குப் போலாம். இல்லாட்டி நானே வந்து, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிப்போடுவேன்."

சின்னண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு பேச்சு பேசினதில்லை.

"சரி வா. டாக்டர் என்ற கால் நல்லாருக்குதுன்னு சொல்லட்டும். அப்புறம் நீ வாயைத் திறக்கப்படாது."

மீதி ரோட்டை எருமை நடையில் ஓட்டினார். சேலம் போய்ச் சேருகிறவரைக்கும் வள்ளியாத்தாள் அவர் காலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

டாக்டர் பாலசுந்தரத்தின் அறைக்குச் சுவருக்கு அந்தப்பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாழைக்குருத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பஞ்சு எடுத்தார்.

"கண்ணை மூடிக்குங்க. பஞ்சு படறது தெரிஞ்சா 'ம்' சொல்லுங்க."

சின்னண்ணன் கண்ணை மூடினார். டாக்டர் பெருவிரலைத் தொட்டார். சுண்டுவிரலைத் தொட்டார். பாதத்தில், கணுக்காலில், அதற்கு மேலே என்று பஞ்சு ஏறிக்கொண்டே போயிற்று. முழங்காலுக்கு நாலு விரல் கீழே வந்தபோதுதான் "ம்" என்றார்.

அப்புறம் கண்ணைத் திறக்காமலே கேட்டார். "இப்பத்தான் ஆரம்பிச்சீங்களா?"

வள்ளியாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் இன்னொரு காலிலும் அதே மாதிரி பார்த்தார். அதே உயரம். பிறகு வலது பெருவிரலைப் பிடித்துக் கீழே வளைத்தார்.

"விரல் இப்போ எப்படி இருக்கு? மேலேயா, கீழேயா?"

"மேலேதானுங்க."

"கண்ணைத் திறந்து பாருங்க."

பார்த்தார். வேறு யாருடைய விரலையோ பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தார்.

வள்ளியாத்தாளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "சாமி, மறைக்காமச் சொல்லிப்போடுங்க. இது... அந்த வியாதிங்களா?"

டாக்டருக்குப் புரிந்தது. "இல்லேம்மா. அது இப்படி வராது. அங்கே ஒரு படை, இங்கே ஒரு படையா வரும். இவருக்கு ரெண்டு காலும் சேத்துல இறங்கின மாதிரி ஒரே அளவுக்கு மரத்திருக்கு. வேற ஒண்ணு பார்க்கணும். ஒரு குப்பியில ஒண்ணுக்குப் பிடிச்சுக்கொண்டு வாங்க."

கண்ணாடிக் குழாயில் நீல மருந்து. அதில் எட்டுச் சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாயிற்று, பச்சை மஞ்சளாயிற்று. கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

"நீரிழிவு. எத்தனை வருஷமா தாகம் உங்களுக்கு?"

"தாகமுங்களா? கரிவண்டிக்காரனுக்குத் தாகத்துக்கு என்னங்க கொறைச்சல்!"

"கரிவண்டிக்கு முன்னாடி?"

சின்னண்ணன் யோசித்தார். வள்ளியாத்தாள் பதில் சொன்னாள். "எட்டு வருஷமாச்சுங்க. ராத்திரி நாலு தரம் எந்திரிப்பாங்க. போன இடத்துல எறும்பு மொய்க்கும். சூடுன்னு நெனைச்சு மோர் குடுத்தேனுங்க."

"மோரோட நின்னிருந்தாச் சரி."

"காப்பியும் குடிப்பாங்க. வெல்லம் போட்டு, நாளுக்கு ஏழெட்டு."

"பீடி?"

"ரெண்டு கட்டுங்க" என்றார் சின்னண்ணன், இந்தத் தடவை தாமே. "சோறும் நேரத்துக்கு இல்லீங்க. ட்ரிப்பு முடிஞ்சாத்தான். எங்கொப்பனுக்குக்கூட கால்ல புண்ணு வந்து, ஆறாமயே..." அவர் நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் தலையாட்டினார். "எட்டு வருஷம் சர்க்கரை ரத்தத்துல ஊறினா நரம்பு சும்மா இருக்குமா? நீளமான நரம்புதான் முதல்ல போகும். அதனாலதான் கால்ல ஆரம்பிச்சிருக்கு. பீடி அதுக்கு ஒத்தாசை. உங்கப்பாவுக்கும் இதேதான் இருந்திருக்கும்."

"திரும்பி வருமுங்களா?"

"போனது வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். மேலே ஏறாம நிறுத்தலாம். இன்சுலின் ஊசிக்கு எழுதித்தரேன். யுத்த காலம், கிடைக்கிறபோது வாங்கி வச்சுக்குங்க. வெல்லம் நிறுத்தணும், அரிசி பாதி. பீடியைத் தொடவே கூடாது. வெறுங்காலோட நடக்காதீங்க. அம்மா, நீங்க தினமும் சாயங்காலம் விளக்கு வச்சதும் இவர் பாதத்தைப் பாருங்க. முள்ளு குத்தியிருந்தாலும் இவருக்குத் தெரியாது. உங்க கண்ணுதான் பார்த்துச் சொல்லணும்."

வள்ளியாத்தாள் வாழைக்குருத்தை வைத்துத் திரும்பக் கட்டினாள். சின்னண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டார். பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

"டாக்டரய்யா, ஒண்ணு கேக்கட்டுங்களா? என்ற கால் பிரேக்கு மேல இருக்குதா, தகரத்து மேல இருக்குதான்னு என்ற காலுக்குத் தெரியுமுங்களா?"

"எப்படித் தெரியும்? கண்ணு சொன்னாத்தான் உண்டு." டாக்டர் நிமிர்ந்தார். "நீங்க என்ன, டிரைவரா?"

சின்னண்ணன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

வண்டியைச் சேலம் ஸ்டாண்டிலேயே விட்டிருந்ததால், வாசலில் நின்று எல்லாம் கேட்டிருந்த ராசுவோடு மூவருமாகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். ராசு தன் செருப்பைக் கழற்றி மாமனுக்குக் கொடுத்திருந்தான். கொஞ்சம் பெரிசு. பத்தடி போனதும் வள்ளியாத்தாள் நின்றாள்.

"ஏனுங்க. ஒரு செருப்பு அங்கேயே கிடக்குது."

சின்னண்ணன் திரும்பிப் பார்த்தார். கழன்று விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. ராசு ஓடிப்போய் எடுத்துவந்து மாமன் காலில் மாட்டினான். மாட்டிவிட்டு எழுந்திருக்காமலே பேசினான்.

"மாமா, டாக்டர் சொன்னது நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். ஏற்கெனவே எழுதினதுக்கு ஒரு கையெழுத்து. போட்டுட்டு வந்துருங்க. அப்புறம் வண்டியைத் தொட வேண்டாம், வேற டிரைவரை வெச்சுக்கலாம். நீங்க உள்ளே போயிட்டீங்கன்னா தெய்வநாயகி கல்யாணம் என்னாகிறது?"

"சடையன்?"

"அவனுக்குப் புள்ளையா குட்டியா, ஆறு மாசம்..."

"டேய்!" என்றாள் வள்ளியாத்தாள்.

சின்னண்ணன் காலை உருவிக்கொண்டார். கீழே பார்த்துக்கொண்டே நடந்தார். ஒவ்வோர் அடியையும் கண்ணால் எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் காகிதத்தை வாசித்தார். "...பிரேக்கைப் பலமுறை அழுத்தியும் பிடிக்கவில்லை. முந்தின நாள் அதைப் பழுது பார்த்த சடையன் என்பவனின் கவனக்குறைவே காரணம்... சரிதானே கவுண்டரே? கீழே போடுங்க."

பேனா கைக்கு வந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அது இருப்பது நன்றாகத் தெரிந்தது. கைக்கு இன்னும் எல்லாம் தெரிந்தது.

"அதுக்கு முன்னால சடையனை ஒரு தரம் பார்க்கலாங்களா?"

கூட்டிவந்தார்கள். நாலு நாளில் ஆள் பாதியாகியிருந்தான். சின்னண்ணனைக் கண்டதும் கும்பிட்டான்.

"மாதையன் எப்படி இருக்கிறானுங்க? நடந்துருவானுங்களா?"

"தெரியலை சடையா."

"மொதலாளி, நாலு நாளா ஒரே யோசனைங்க. பிரேக் பூட்டற அந்தப் பின்னை மாட்டினனா, மாட்டாம உட்டுட்டனான்னு. மாட்டினேன்னுதான் மொதல்ல சொன்னேன். இப்ப எனக்கே சந்தேகமாயிருச்சுங்க." அவன் தன் இரண்டு கையையும் புரட்டிப் பார்த்தான். "நீங்க பொய் சொல்ற ஆள் இல்லை. அப்ப என்ற கைதானுங்களே தப்புப் பண்ணியிருக்கும்? நான்தான்னே எழுதிக்கச் சொல்லுங்க. சந்தேகத்தோட கெடக்க முடியலீங்க."

சின்னண்ணன் பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"மாட்டித்தான்டா இருந்தே."

"என்னங்க?"

"பின்னை மாட்டித்தான் இருந்தே. உன்ற கையில ஒரு தப்பும் இல்லை."

ஸ்டேஷன் தரையிலேயே அவர் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினார். கட்டை அவிழ்த்து, வாழைக்குருத்தை எடுத்துப் போட்டுவிட்டுக் குதிகாலைத் தூக்கிச் சப்-இன்ஸ்பெக்டருக்குக் காட்டினார்.

"அய்யா, இந்தக் காலுக்கு உசிரில்லீங்க. நெருப்பும் தெரியாது, மிதியும் தெரியாது. அன்னைக்கு நான் மிதிச்சது பிரேக்கை இல்லை, தகரத்தை. இன்னைக்குக் காத்தாலயும் அதேதான் மிதிச்சேன், என்ற பொண்டாட்டி பார்த்தா. இவனை உட்டுருங்க. மாதையன் கால் ஒடிஞ்சது என்னாலதான். அப்படின்னு எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்."

வெளியே ஏதோ ஒரு வண்டி மணி அடித்துக்கொண்டு போயிற்று. சடையன் அந்தக் குதிகாலையே பார்த்துக்கொண்டு நின்றான். நாலு போல்ட்டை முடுக்கினவன் அவன்தானே. மெல்ல மண்டியிட்டு, கீழே கிடந்த வாழைக்குருத்தை எடுத்துத் தூசி ஊதி, மொதலாளியின் காலில் வைத்துத் திரும்பக் கட்ட ஆரம்பித்தான். சின்னண்ணன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் அழுதார்.

சப்-இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்தார்.

"கவுண்டரே, ஒண்ணே ஒண்ணு. கால் இப்படின்னு தெரிஞ்சே ஓட்டினீங்களா, தெரியாம ஓட்டினீங்களா? தெரியாமன்னா அது விபத்து. தெரிஞ்சுதான்னா அதுக்குப் பேர் வேற. யோசிச்சுச் சொல்லுங்க."

"மரத்துப்போச்சுன்னு இன்னைக்குத்தானுங்க தெரியும். கால் கெட்டிப்பட்டுப் போச்சுன்னு பெருமையா நெனைச்சிட்டிருந்தேன்."

"வேற யாருக்கும் தெரியாது?"

"யாருக்கும் தெரியாதுங்க."

"எனக்குத் தெரியுமுங்க."

எல்லாரும் திரும்பினார்கள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ராசு நின்றான். வெறுங்காலோடு.

"வெள்ளிக்கிழமை நான் மாமனுக்குப் பக்கத்துலதான் நின்னேன். கால் தகரத்துல இருந்ததை அப்பவே பார்த்தேனுங்க."

சப்-இன்ஸ்பெக்டர் காகிதக் கட்டைப் புரட்டி இன்னொரு தாளை உருவினார். "பிரேக் பிடிக்கலைன்னு நீயும் கையெழுத்துப் போட்டிருக்கியே, தம்பி. பார்த்துட்டா இதைப் போட்டே?"

வள்ளியாத்தாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு பக்கம் கணவன். இன்னொரு பக்கம் அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி.

"மாமனைக் காப்பாத்தறதுக்குப் போட்டேன்னு சொல்லிப்போடுடா" என்று மனசுக்குள் கெஞ்சினாள். அப்படிச் சொன்னால் யாரும் நம்புவார்கள்.

ராசு அதைச் சொல்லவில்லை. மாமனையும் பார்க்கவில்லை, அக்காளையும் பார்க்கவில்லை. அவன் கண் சடையன் மேல் இருந்தது.

"மாமனுக்காகப் போடலீங்க" என்றான். "தை மாசக் கல்யாணம் முடியற வரைக்கும் அவன் ஊருல இருக்கப்படாதுன்னு போட்டேன். ஏன்னு அவனுக்குத் தெரியும். கேளுங்க."

கட்டுப் போட்டுக்கொண்டிருந்த சடையனின் கை அப்படியே நின்றது.